பேஜாரு முனையில் கோடு போட்டது யார்?

அத்தியாயம் 5

"இத்தினி வருசமா காணாம போனதைத்தான் தேடிகினு இருந்தோம் மேடம். வந்து சேர்ந்ததுக்குக் கம்ப்ளெயின்ட் குடுக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றார் ஜெயவேல்.

தேவகிருபை ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் பத்து வருடமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள் அவள். முக்கால்வாசி கல்யாண விசாரணை. மிச்சம், கடையில் சரக்கு குறைகிற விசாரணை. ஜெயவேல் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். இருபது வருடம் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோவை விட்டுவிட்டு அவளிடம் சேர்ந்தபோது, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்கிற விவரத்தை மண்டையிலும், மற்றதை எல்லாம் வாயிலும் வைத்துக்கொண்டு வந்தார்.

அவர்கள் நின்றிருந்த இடத்துக்குப் பேஜாரு முனை என்று பெயர். எந்தப் பலகையிலும் அப்படி எழுதியிருக்காது. ஆனால் ஷேர் ஆட்டோவில் சொன்னால் சரியாக இறக்கிவிடுவார்கள். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்குப் போகும் பெரிய சாலையும், ரயில்வே கேட்டிலிருந்து வரும் தெருவும், மீனவர் குப்பத்துச் சந்தும், கம்பெனிகளுக்குப் போகும் பாதையும், ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலும் அங்கே ஒன்றாகச் சேர்ந்தன. ஒரு காலத்தில் சைக்கிளுக்கென்று பச்சை நிறத்தில் போட்ட பாதை நேரே போய் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டியது. ஆட்கள் கடக்கப் போட்ட பழைய கோடு, சாலை நடுவிலிருந்த தடுப்புச் சுவரோடு நின்றுபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் கோடே கிடையாது. வண்டிகள் நிற்பதற்கான கோடு அதையும் தாண்டி இருந்தது. சிக்னல் விளக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான்; நடப்பவர், சைக்கிளில் வருபவர், ட்ரெய்லர் ஓட்டுபவர் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, யார் முதலில் துணிகிறாரோ அவர் போவதுதான் அங்கே சட்டம்.

மூன்று வாரத்துக்கு முன்புவரை.

இப்போது அந்தக் குழப்பத்தின் மேல் பளிச்சென்று ஒரு ஜீப்ரா கோடு கிடந்தது. பக்கத்திலேயே சைக்கிளுக்கு ஒரு தனிப் பாதை, நடுவில் வெள்ளையில் ஒரு சைக்கிள் படம். கோடு வந்த நாளிலிருந்து யார்டை விட்டு வரும் ட்ரெய்லர்கள் நிற்கின்றன. கப்பலுக்குப் போகவேண்டிய பெட்டிகள் தாமதமாகின்றன. யார்டின் மேனேஜர் சுப்புராஜ் சாலை அலுவலகத்துக்குப் போய், இது யார் போட்டது என்று கேட்டார். அங்கே இருந்தவர்கள் போட்டோம் என்றும் சொல்லவில்லை, போடவில்லை என்றும் சொல்லவில்லை. ஃபைலைப் பார்க்கவேண்டும் என்று ஒரு வாரம் நடக்க விட்டார்கள். அதன் பிறகுதான் கிருபையைக் கூப்பிட்டார். அவர் தெற்கே அவளுடைய அப்பாவின் ஊர்க்காரர். அவளுக்கு முதல் கேஸ் கொடுத்தவரும் அவர்தான். கோடு போட்டவன் பேரைக் கொண்டு வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"அண்ணே, கோடு நேரா இல்லை கவனிச்சீங்களா?" என்றாள் கிருபை.

ஜெயவேல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இந்தக் கரையிலிருந்து குறுக்கே நேராகப் போகாமல், சாய்வாகப் போய், தடுப்புச் சுவரில் கல் பெயர்ந்திருந்த இடைவெளிக்குள் நுழைந்து, மறுபடி சாய்ந்து, குப்பத்துச் சந்து வாயில் முடிந்தது.

"போட்டவன் தண்ணி போட்டுகினு போட்டான் போல."

"இல்லை. ஸ்கேல் வெச்சுப் படம் வரைஞ்சவன் போட்டா நேரா இருக்கும். ஜனங்க எப்படி நடக்குறாங்கன்னு பார்த்தவங்க போட்டிருக்காங்க."

அவள் சொன்னதற்குச் சாட்சியாக, தலையில் மீன் அன்னக்கூடையோடு ஒரு பெண் கோட்டைக் குனிந்துகூடப் பார்க்காமல், கோடு போன வழியிலேயே போனாள்.

கிருபை வண்டிகள் நிற்கும் நேரம் பார்த்துப் போய், சைக்கிள் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் கண்ணில் பட்டது அதன் உடம்பு. அரசாங்கம் போடும் சைக்கிளுக்கு எப்போதும் குறுக்கே ஒரு பார் இருக்கும். இதற்கு இல்லை. முன்னால் ஒரு கூடை வேறு இருந்தது. இது பெண்கள் ஓட்டும் சைக்கிள். அடுத்தது பெயின்ட். மூன்று வாரமாக ட்ரெய்லர் சக்கரம் ஏறி இறங்கியும் அது ஒரு ஓரம்கூட உதிரவில்லை.

"கவர்மென்ட் பெயின்டா இருந்தா, போட்ட ஆளு வூடு போய்ச் சேர்றதுக்குள்ள அயிஞ்சிருக்கும்" என்றார் ஜெயவேல்.

மூன்றாவது ஒன்றும் இருந்தது. சைக்கிள் படத்தின் விளிம்பு ஒரே சீராக இல்லை. கொஞ்ச தூரம் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக வந்து, பிறகு கொஞ்சம் கசிந்து, மறுபடி சுத்தமாகி, மறுபடி கசிந்திருந்தது. அவள் உள்ளங்கையை விரித்து அளந்தாள். கசிவுக்கும் கசிவுக்கும் நடுவில் எல்லா இடத்திலும் ஒரே அளவு. ஒரு தகட்டில் சைக்கிளை வெட்டி, அதைத் தரையில் வைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தகடு தட்டையாக இருந்தால் கசியாது. இந்தத் தகடு மேடும் பள்ளமுமாக மடிந்த தகடு.

எழுந்தவள் அப்படியே நின்றாள். எதிரே யார்டின் மதிலுக்கு மேல் கன்டெய்னர் பெட்டிகள் ஐந்து அடுக்காக நின்றன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அதே மேடு, அதே பள்ளம்.

ஜெயவேலும் பார்த்தார்.

"சொந்த வூட்டுலயே ஆளை வெச்சுகினு ஊரெல்லாம் தேடச் சொல்றாரு மனுசன்."

கிருபை அவரை அக்கம்பக்கத்தில் விசாரித்து வர அனுப்பினாள். அரை மணி நேரத்தில் திரும்பினார். டீக்கடை கன்னியம்மா, பஞ்சர் கடைக்காரர், பூ விற்பவர், ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் என்று நான்கு பேரைக் கேட்டிருந்தார். நான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ராத்திரி பன்னிரண்டரைக்கு மேல் யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், நாங்கள் பார்க்கவில்லை.

"பார்க்காதவன் நாலு பேரு, டயம் மட்டும் ஒண்ணு" என்றார். "இந்த ஊர்ல நாலு பேரு கடியாரம் என்னிக்கு மேடம் ஒண்ணா ஓடிச்சு? எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்."

"அப்ப ராத்திரி நடக்கலை" என்றாள் கிருபை.

யார்டின் கேமரா அறையில் சுப்புராஜ் அவர்களுக்காகக் காத்திருந்தார். மூன்று வாரத்து இரவுப் பதிவுகளையும் அவரே உட்கார்ந்து பார்த்துவிட்டாராம். நாய்களைத் தவிர எதுவும் இல்லையாம். கிருபை பகல் பதிவைக் கேட்டாள். பகலில் இத்தனை வண்டிக்கு நடுவில் எவன் வந்து கோடு போடுவான் என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஃபோன் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் திரும்பிவர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் கிருபையும் ஜெயவேலும் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை, காலை பதினொன்று இருபது. ஆரஞ்சு நிற மேல்சட்டையும் ஹெல்மெட்டும் முகத்துக்குத் துணியுமாக ஆறு பேர் சாலைக்குள் வருகிறார்கள். பெயின்ட் டப்பாக்களின் மேல் சிவப்புத் துணி கட்டி நான்கு மூலையிலும் வைக்கிறார்கள். வண்டிகள் அடங்கி நிற்கின்றன. யாரும் ஹாரன்கூட அடித்ததாகத் தெரியவில்லை. ஆரஞ்சுச் சட்டை போட்டவன் சாலையில் நின்றால், அவன் யார் என்று இந்த ஊரில் யார் கேட்கிறார்கள்?

ஆறு பேரில் ஐந்து பேர் கையில் வேலை இருந்தது. ஆறாவது ஆள் ஒரு பெண். அவள் பெயின்ட் தொடவில்லை. இந்தக் கரையில் நின்று, ஒருமுறை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கடக்கிறவள்போல் நடந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். அவள் பாதம் பட்ட இடத்தைப் பார்த்துப் பார்த்து, பின்னாலேயே மற்றவர்கள் கோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

நின்றிருந்த வண்டிகளின் வரிசையில் முதலில் இருந்தது ஒரு வெள்ளைக் கார். கிருபை படத்தை நிறுத்தி எண்ணைப் பார்த்தாள். சுப்புராஜின் கார். பின் சீட்டில் அவரேதான் காதில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு நிமிடம் கார் அங்கேயே நின்றது. பின் கண்ணாடி ஒருமுறைகூட இறங்கவில்லை. முன் கண்ணாடி இறங்கியது. டிரைவரின் கை ஒரு தண்ணீர் பாட்டிலை வெளியே நீட்ட, ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் வாங்கிக் குடித்தார்.

ஜெயவேல் மெல்ல விசிலடித்தார். "ஊரே சேர்ந்து டபாய்ச்சிருக்குது மேடம். இவரு ஒருத்தருக்குத்தான் சேதி போய்ச் சேரலை."

கிருபை சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் தையல் வெளியே தெரிந்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தார்கள். முதுகில் யார்டின் பெயர் அச்சடித்திருக்கும், அதை மறைக்க.

சுப்புராஜ் திரும்பி வந்ததும், பெட்டிகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அனுமதி கேட்டாள். பழுதான பெட்டிகளை ஒட்டுப்போடும் கொட்டகை யார்டின் கடைசியில் இருந்தது. அங்கே சுவரோரம் வெள்ளையும் மஞ்சளுமாகப் பெயின்ட் டப்பாக்கள். ஒதுக்கிப்போட்ட ஒரு பழைய பெட்டியின் பக்கவாட்டில், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வெல்டர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான்.

கிருபை அந்தச் சதுரத்துக்கு முன்னால் நின்றாள். "சைக்கிள் வெட்டின தகடு எங்கே இருக்கு தம்பி?" என்று கேட்டாள்.

நெருப்புப் பொறி நின்றது. அவன் முகமூடியைத் தூக்கினான். முப்பது வயது இருக்கும். பயப்படவில்லை. இதை ஒருநாள் யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தவன்போலப் பெருமூச்சு விட்டான். மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடியும், கன்னியம்மா கடைக்கு வாருங்கள், நான் மட்டும் சொல்ல முடியாது என்றான். அவன் பெயர் அன்பரசன்.

மூன்று மணிக்கு அவனோடு அந்தப் பெண்ணும் வந்தாள். கூடை வைத்த சைக்கிளைக் கடை வாசலில் சாய்த்துவிட்டு, இடது காலை நீட்டி பெஞ்சில் உட்கார்ந்தாள். சாபிரா. எதிர்ப்பக்கம் வால்வு செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் பதினோரு வருடமாக வேலை.

நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் சாபிரா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பச்சைப் பாதையில் வந்து, விளக்குக் கம்பத்தில் முட்டாமல் ஒதுங்கி, ஆட்கள் போகும் விளக்கு பச்சையானதும் சைக்கிளை விட்டாள். யார்டிலிருந்து ட்ரெய்லரை எடுத்துக்கொண்டு வந்த டிரைவருக்கும் அதே நேரத்தில் பச்சை அம்புக்குறி விழுந்தது. அவன் திரும்பினான். சைக்கிள் முன்சக்கரத்துக்குக் கீழே போனது. அவள் கால் எலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. அந்த டிரைவர் அன்பரசன்.

போலீஸ் ரிப்போர்ட்டில், கடக்கும் இடமே இல்லாத இடத்தில் அந்தப் பெண் கடந்தாள் என்று எழுதினார்கள். யார்டில், கவனமில்லாமல் ஓட்டினான் என்று அவனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அது திரும்பக் கைக்கு வந்தபோது அவனால் ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. கொட்டகைக்கு வந்துவிட்டான். அதற்கு முன்பு, அவள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், மூன்று நாள் வார்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரத் தைரியம் இல்லை. நான்காம் நாள் அவளே நர்ஸிடம் சொல்லி அழைத்தாள்.

"திட்டத்தான் கூப்ட்டேன்" என்றாள் சாபிரா. "வந்தவன் ஒண்ணும் பேசலை. நீ இன்னா பார்த்தேன்னு கேட்டேன். பச்சைன்னான். நானும் பச்சைதான் பார்த்தேன். ரெண்டு பேரும் பச்சையைப் பார்த்துட்டு வந்தா அப்புறம் யாரைத் திட்டறது?"

ஜெயவேல் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

கிருபைக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. இது சட்டப்படி குற்றம், பிடித்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும், கேஸ் வரும். மனு கொடுத்திருக்கலாமே, ஏன் இவர்களே இறங்கினார்கள் என்று கேட்டாள்.

சாபிரா தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே ஒரு கடிதம், நான்காக மடித்து மடித்து ஓரம் கிழியத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே, அங்கே கோடு ஏன் இல்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு எழுதினாளாம். ஐந்து மாதம் கழித்து வந்த பதில் அது.

கிருபை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு ஜெயவேலிடம் நீட்டினாள்.

மேற்படி சந்திப்பில் பாதசாரிகள் மற்றும் மிதிவண்டிகள் கடப்பதற்கான வெள்ளைக் கோடுகள், மிதிவண்டிக் குறியீட்டுடன், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வரையப்பட்டு, பணி முழுமையாக முடிந்துள்ளது என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து, பெயர், பதவி, வட்ட முத்திரை.

"காயிதத்துல கீது, ரோட்டுல இல்லை" என்றாள் சாபிரா. "போலீஸ் கோடு இல்லேன்றான். ஆப்பீஸ் கோடு கீதுன்றான். ரெண்டுல ஒண்ணு பொய்யி. நான் எதுக்கு மேடம் மனு குடுக்கணும்? ஏற்கெனவே கீற கோட்டுக்கு எவன் மறுபடி கோடு போடுவான்? அதான், கவர்மென்ட்டு வார்த்தை பொய்யாப் போவக் கூடாதுன்னு நாங்க உண்மையாக்கினோம்."

கன்னியம்மா உள்ளேயிருந்து, டீ ஆறிப்போச்சு, வேற போடறேன் என்று சொல்லிக் கிளாஸை வாங்கிக்கொண்டு போனாள்.

யார்டு இருந்தது சாலைக்கு எதிரில்தான். ஆனாலும் அங்கே போய்ச் சேரக் கிருபைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்தபடி யோசித்தாள். சுப்புராஜ் தன் சர்ச் ஆட்களிடம் தோத்திரம் சொல்லி அனுப்பி வைத்த கேஸ்களால்தான் அவள் அலுவலகம் முதல் மூன்று வருடம் ஓடியது. பெயரைச் சொல்வதுதான் அவள் தொழில். பத்து வருடத்தில் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் விட்டதே இல்லை.

"மேடம்" என்றார் ஜெயவேல். "நான் ஆட்டோ ஓட்டினப்போ இந்த முனையில நாலு பேரை அள்ளிப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன். ரெண்டு பேரு வயிலயே போய்ட்டாங்க. அதை நான் உன்னாண்ட சொன்னதில்லை." பிறகு, சொன்னது தனக்கே கூச்சமாக இருந்ததுபோல, வண்டியை ஸ்டார்ட் பண்ணு, வெயில் மண்டையைப் பொளக்குது என்றார்.

சுப்புராஜ் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆளு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணாச்சி" என்றாள் கிருபை. கடிதத்தின் நகலை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அவருடைய முகம் மாறுவதைப் பார்த்தபோது சாலை அலுவலகத்தில் ஏன் அவரை ஒரு வாரம் நடக்க விட்டார்கள் என்பது அவருக்கும் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"கோடு போட்டது அரசாங்கம்னு கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. இல்லைன்னு சொல்லணும்னா, அந்த முத்திரை பொய்னு நீங்க எழுதிக் குடுக்கணும். எழுதுங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடுதேன்."

அவர் எழுதமாட்டார். இரண்டாவது கேட்டுக்கு அனுமதி கேட்டு அதே அலுவலகத்தில் அவருடைய மனு காத்திருந்தது.

"நான் காயிதம் கேக்கலை. ஆளைக் கேட்டேன்."

"ஆளைச் சொல்ல மாட்டேன்."

சுப்புராஜ் நாற்காலியில் சாய்ந்தார். குரல் உயரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை நம்ம ஊர் ஆட்கள் கடை எத்தனை இருக்கிறது என்று உனக்குத் தெரியும், இனி ஒரு கல்யாண விசாரணைகூட உன் மாடிப்படி ஏறாது என்றார். கிருபை எழுந்து நின்றாள்.

"பட்டப்பகல்ல போட்டாங்க அண்ணாச்சி. நீங்க காருக்குள்ள பன்னிரண்டு நிமிஷம் அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. ஒரு தடவை கண்ணாடி வழியா வெளிய பார்த்திருந்தா என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டாம்."

அவர் அந்தப் பதிவைப் போட்டுப் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும். பார்க்கட்டும். துணியை விலக்கிக் காட்டினாலும் அந்தக் கொட்டகை ஆட்களின் முகம் அவருக்கு அடையாளம் தெரியாது.

வாசலைத் தாண்டும்போது அவர் குரல் பின்னால் வந்தது. எவன் முத்திரை வேண்டுமானாலும் இருக்கட்டும், நாளைக் காலையிலிருந்து என் வாசலை விட்டு வெளியே போகிற வண்டி அந்தக் கோட்டுக்குப் பிரேக் பிடிக்காது, டிரைவர்களுக்கு இப்போதே சொல்லப்போகிறேன் என்றார்.

மறுநாள் காலை ஏழேகால் மணிக்குக் கிருபையும் ஜெயவேலும் முனையில் நின்றார்கள். முந்தின மாலையே சாபிராவிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு நாள் வேறு வழியாகப் போகச் சொல்லியிருந்தாள். சாபிரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வேற வயி எங்க கீது மேடம் என்று மட்டும் கேட்டிருந்தாள்.

கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் சேரத் தொடங்கினார்கள். சைக்கிள்கள், டிபன் பைகள், குப்பத்துக்குத் திரும்பும் மீன் கூடைகள். வழக்கமாகக் கலகலவென்று இருக்கும் கூட்டம் அன்று யார்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவர்கள் வாயிலாகச் செய்தி எல்லோருக்கும் போயிருந்தது. எதிர்க்கரையில் அன்பரசன் நின்றிருந்தான். யார்டு வாசலில் சுப்புராஜ் நின்றிருந்தார், கையில் ஃபோன் இல்லாமல்.

கேட் திறந்தது. நாற்பதடிப் பெட்டியைச் சுமந்துகொண்டு முதல் ட்ரெய்லர் உறுமியபடி வெளியே வந்தது.

சாபிரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். சைக்கிளைக் கோட்டின் தொடக்கத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, நல்ல காலைத் தரையில் ஊன்றி, வலிக்கிற காலைப் பெடலில் வைத்தாள். ஜெயவேல் கிருபையின் கையைப் பிடித்துக்கொண்டார். அது அவருக்கே தெரிந்திருக்காது.

பெடல் சுற்றியது.

ட்ரெய்லர் வந்துகொண்டே இருந்தது. காற்று பிரேக் சீறியது. அந்தப் பெரிய உடம்பு ஒரு குலுக்கலோடு, கோட்டுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. இன்ஜின் சத்தமும் நின்றது. சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிரைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். தாடி வைத்த ஒல்லியான மனிதன். மொஹ்சின்.

சுப்புராஜ் அருகில் வந்து அவனிடம் ஏதோ சொன்னார். மொஹ்சின் இறங்காமலே பதில் சொன்னான்.

"கோடு கீது சார். நிக்கலேன்னா தப்பு என்னுதுன்னு எனக்குத் தெரியும். கோடு இல்லாம இருந்தப்ப அன்பு மேல எழுதினீங்களே, அது யாரு தப்புன்னு இன்னிவரிக்கும் ஒருத்தனும் சொல்லலை. எனக்கு அந்தப் பேஜாரு வேணாம். நான் நிப்பேன்."

பின்னால் அடுத்த ட்ரெய்லரின் இன்ஜினும் அணைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

சாபிரா இது எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. சாய்வான கோட்டின் வழியே, தடுப்புச் சுவரின் இடைவெளிக்குள் நுழைந்து, அந்தக் கரையை அடைந்தாள். கம்பெனி அந்தப் பக்கம்தான். சைரன் ஊத ஐந்து நிமிடம் இருந்தது. அன்பரசன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

அவள் கம்பெனி பக்கம் போகவில்லை. சைக்கிளைத் திருப்பினாள். மறுபடி கோட்டில் ஏறி, நின்றிருந்த ட்ரெய்லரின் மூக்குக்கு முன்னால், அவசரமே இல்லாமல், இந்தக் கரைக்கு வந்தாள்.

"இன்னாத்துக்கு மேடம் திரும்பி வருது இந்தப் பொண்ணு?" என்றார் ஜெயவேல். "அதான் தாண்டியாச்சே."

"தாண்டறதுக்கு இல்லை அண்ணே, கோடு யாருதுன்னு காட்டுறதுக்கு" என்றாள் கிருபை. சாபிரா மறுபடியும் சைக்கிளைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை மீன் கூடைக்காரி அவளுக்குப் பின்னால் இறங்கினாள். டிபன் பைக்காரர்கள் இறங்கினார்கள். கிருபை ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டுத் தானும் கோட்டில் காலை வைத்தாள்.

சைரன் ஊதியது. நடுச்சாலையில் இருந்த ஒருவரும் வேகமாக நடக்கவில்லை.